சுருக்குப்பையிலிருந்து சட்டைப்பைக்கு

அப்பத்தாவின் இடுப்பில் எந்நேரமும் ஒரு சுருக்குப்பை செருகியிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் உள்ளே வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பாக்குவெட்டி, மூடி தேய்ந்த சுண்ணாம்பு டப்பி. உள்ளறையில் வாழைச்சருகில் மடித்த போயிலைத் துண்டு. விடியுமுன் எழுந்து வாய் கொப்பளித்துத் திண்ணையில் உட்காருவாள். வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிப் போட்டு, சுண்ணாம்பைத் தடவி, பாக்கை வைத்து, கடைசியில் போயிலையை இரு விரலால் நசுக்கி மடித்து வாயில் அதக்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

போயிலை தீர்ந்துபோன நாளில் வீடே அடங்கி நடக்கும். "அப்பத்தாவுக்கு இன்னைக்கு வாய்க்கு ஒண்ணுமில்ல, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்று அம்மா எங்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுவார். கை நடுங்கும், தலை வலிக்கும், ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். இதை எங்கள் வீட்டில் யாரும் போதை என்று சொன்னதில்லை. "வாய்ப்பழக்கம்" என்றுதான் சொன்னார்கள். போதை என்ற சொல்லைச் சாராயம் குடித்துவிட்டு வரும் ஆண்களுக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தார்கள்.

இன்று அதே தெருவில், பள்ளிக்கூடத்துப் பையன்களின் சட்டைப்பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருக்கிறது. வெற்றிலை வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், துப்பவும் வேண்டாம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். 2013-லேயே குட்காவையும் மெல்லும் புகையிலைப் பொருள்களையும் தடைசெய்த மாநிலம் இது. ஆனாலும் 2024 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் பரவியிருப்பதைக் கண்டு, நாடு முழுவதும் இதை ஏன் தடைசெய்யக் கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது.

அப்பத்தாவின் பைக்கும் பேரனின் பைக்கும் இடையில் திண்டுக்கல் சமவெளியின் மண்ணும் தண்ணீரும் மாறிவிட்டன. போதையைப் பற்றிய அறிவும் மாறிவிட்டது. ஆணின் உடம்பும் பெண்ணின் உடம்பும் போதையை வேறுவேறாக வாங்குகின்றன. அந்த வேறுபாட்டை நடத்துவது ஹார்மோன். அந்த ஹார்மோனையே குழப்பும் வேதிப்பொருள்கள் நம் காட்டிலும் கிணற்றிலும் கலந்துவிட்டன. போதை, ஹார்மோன், வேதிப்பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் காலம் இது.

போயிலைக் காடு

திண்டுக்கல்லின் பெயரைக் கடல்தாண்டிக் கொண்டுபோனது புகையிலை. "திருச்சிச் சுருட்டு" என்று இங்கிலாந்தில் பேர்பெற்ற சுருட்டுக்கு இலை போனது இந்த வட்டாரத்துக் காடுகளிலிருந்துதான். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லில் இருந்தது. 1948-இல் வேடசந்தூரில் அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

அந்தக் காட்டில் பெரும்பாலும் குனிந்து நின்றவர்கள் பெண்கள். செடி பூவெடுக்கும்போது நுனியைக் கிள்ள வேண்டும். அதன்பின் பக்கத்தில் கிளம்பும் சிம்புகளை ஒடிக்க வேண்டும். பனி இறங்கிய இலைக்குள் கையை விட்டு ஒடித்து ஒடித்து, மதியத்துக்குள் விரலில் பசை ஏறிக் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் ஒரே தடவையில் போகாது. சில நாள் அப்பத்தா வரப்பிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறாள். "போயிலை தலைக்கு ஏறிருச்சு" என்று மோர் குடிக்கச் சொல்வார்கள். இதற்கு மருத்துவத்தில் பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். இலையில் உள்ள நிகோடின் பனியில் கரைந்து தோல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. வாயில் ஒரு துண்டுகூடப் போடாத சிறுபெண்ணுக்கும் கை வழியாக நிகோடின் ஏறியது. பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், வாயிலா கையிலா என்று அப்பத்தாவாலேயே சொல்லியிருக்க முடியாது.

நிகோடின் மூளையை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. ஈஸ்ட்ரோஜன் உருவாவதற்கு அரோமட்டேஸ் என்ற நொதி தேவை. நிகோடின் அந்த நொதியைத் தடுக்கிறது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுபோவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மசக்கைக்கும் பல்வலிக்கும் கைமருந்தாக நம் பெண்கள் போயிலையை வாயில் வைத்தார்கள். மும்பையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வு, மெல்லும் புகையிலை போட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததைச் சொன்னது. ஆக, இந்தச் சமவெளியின் முதல் ஹார்மோன் குழப்பி வெளியிலிருந்து வந்த ரசாயனம் இல்லை, நாமே நட்டு நீர் பாய்ச்சி வளர்த்த செடி.

அதே காலத்தில் இன்னொன்றும் வீட்டுக்குள் வந்தது. 1953-இல் நாடு தழுவிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், முதுகில் தகரத் தொட்டியோடு வந்தவர்கள் வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்துவிட்டு, நிலைக்கதவுக்குப் பக்கத்தில் தேதியை எழுதிப் போவார்கள். கொசுவைக் கொன்று உயிர்களைக் காத்த மருந்து அது. அந்த நன்மையை மறக்கக் கூடாது. ஆனால் டி.டி.டி.யின் ஒரு வடிவம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் என்பதும், அது சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ. ஆண் ஹார்மோனின் வேலையை மறிக்கும் என்பதும் பின்னால்தான் தெரிந்தன. 1989-இல் விவசாயத்தில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டது. கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் தாய்ப்பால் வழியாக அடுத்த தலைமுறைக்கும் அது சென்றது.

ஆவாரம்பட்டை போனபிறகு

திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது மூக்குக்கு முதலில் தெரியும் ஊர் தோல் பதனிடும் ஷாப்புகளின் ஊர்தான். அன்று தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதமாக்கினார்கள். வாரக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. 1970-களில், பாதி பதமான தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுதாகப் பக்குவம் செய்த தோலுக்குத் தொழிலைத் திருப்பியது. ஆவாரம்பட்டைக்குப் பதில் குரோமியம் பரவலானது. வாரங்கள் எடுத்த வேலை நாள்களில் முடிந்தது. கழிவுநீர் மதுரைச் சாலைக்கும் வத்தலக்குண்டு சாலைக்கும் இடைப்பட்ட கிணறுகளில் உப்பாகவும் குரோமியமாகவும் இறங்கியது.

குரோமியத்தைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. கண்ணில் படாமல் தோல் தொழிலுக்குள் வந்த வேறு இரண்டு பொருள்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஒன்று, தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போட்ட பென்டாகுளோரோபீனால். அது தைராய்டு ஹார்மோனைக் கலைக்கும். 1989 இறுதியில் ஜெர்மனி, ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் வாங்கமாட்டோம் என்றபோது தமிழ்நாட்டுத் தோல் தொழிலே ஆட்டம்கண்டது. பிறகு இந்தியாவும் தடைசெய்தது. செருப்புப் போடும் ஜெர்மானியர் காலைக் காக்க வந்த சட்டம், இங்கே அந்தத் தோலைக் கையால் தொட்டு வேலைசெய்தவர்களையும் காத்தது.

இன்னொன்று, தோலின் கொழுப்பை நீக்கும் சோப்புச் சரக்கில் இருக்கும் நோனைல்பீனால் வகை. இதன் குணம் தற்செயலாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஊற்றாத குழாயிலும் செல்கள் பெருகின. தேடிப் பார்த்ததில் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து நோனைல்பீனால் கசிந்தது தெரிந்தது. 1991-இல் இதை வெளியிட்டார்கள். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் துணி, தோல் தொழில்களில் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்துத் தோல் ஆலைகளும் அதில் அடக்கம். கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். அதில் எங்கள் கிணற்றுக்கும் பங்குண்டு.

எலிக்கூண்டில் தெரிந்த உண்மை

போதை தரும் எந்தப் பொருளும் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைக்கிறது. "இது நல்லா இருக்கு, திரும்பச் செய்" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது இந்தச் சுரப்பும் கூடுகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜில் பெக்கர் பல்லாண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். கோகெய்ன் கிடைக்கும் பொத்தானை அழுத்தப் பெண் எலி ஆண் எலியைவிட விரைவில் கற்றுக்கொள்கிறது. மனிதரிலும், பல போதைப்பொருள்களில், முதல்முறை தொட்டதிலிருந்து விடமுடியாத நிலைக்கு வர ஆண்கள் எடுக்கும் காலத்தைவிடப் பெண்கள் எடுக்கும் காலம் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். வயிற்றிலேயே மதுவை உடைக்கும் நொதி பெண்ணுக்குக் குறைவு. ஒரே அளவு குடித்தாலும் அவள் ரத்தத்தில் அதிகம் சேரும். நிகோடினைப் பெண்ணின் உடம்பு வேகமாகக் கழிக்கிறது, கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் வேகமாக. அதனால் அடுத்த வாய் சீக்கிரம் தேவைப்படுகிறது. புகையை விடவைக்கும் நிகோடின் பட்டை ஆண்களுக்குக் கைகொடுக்கும் அளவுக்குப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை.

ஹார்மோன் இவ்வளவு தூரம் போதையோடு பிணைந்திருந்தால், ஹார்மோனைப் போல வேடமிடும் பொருள்கள் என்ன செய்யும்? பிஸ்பீனால்-ஏ ஈஸ்ட்ரோஜன் போல வேலைசெய்யும் என்று லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936-லேயே கண்டிருந்தார். பிறகு உலகம் அதை பாலிகார்பனேட் பிளாஸ்டிக் செய்யப் பயன்படுத்திக்கொண்டது. 2003-ஐ ஒட்டி ஜப்பானிய ஆய்வாளர்கள், கருவுற்ற சுண்டெலிகளுக்கு பிஸ்பீனால்-ஏ கலந்த தீனியைக் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகள் வளர்ந்ததும் இரண்டு அறைகள் உள்ள கூண்டில் விட்டார்கள். ஓர் அறையில் மட்டும் போதைமருந்து கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு மருந்தை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டால், எலி எந்த அறையில் போய் உட்காருகிறதோ அதுதான் விடை. பிஸ்பீனால் பட்ட தாயின் குட்டிகள் மருந்து கிடைத்த அறையையே கூடுதலாக நாடின. மெத்தாம்பெட்டமினுக்கும் மார்பினுக்கும் இப்படியே நடந்தது. 2005-இல் லவியோலாவின் இத்தாலியக் குழு ஆண் பெண் இரண்டையும் தனித்தனியே பார்த்தபோது, ஆம்பெட்டமின் மீதான நாட்டம் பெண் குட்டிகளில் மட்டும் மாறிப்போயிருந்தது. அங்கே அது கூடவில்லை, மங்கிவிட்டது. தாய் வயிற்றில் பட்ட பொருள், வளர்ந்தபின் வரும் இன்பத்தையும் ஏக்கத்தையும் ஆணுக்கு ஒருவிதமாக, பெண்ணுக்கு வேறுவிதமாகத் திருகிவிடுகிறது.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கு நடக்கும் என்று இதிலிருந்து சொல்லக் கூடாது. இந்த வேதிப்பொருள்களால்தான் ஒருவர் போதைக்கு அடிமையானார் என்று மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை. வறுமை, தனிமை, கைக்கெட்டும் தூரத்தில் கடை ஆகியவற்றின் பங்கு பெரிது. ஆனால் அது நிறுவப்படும்வரை அந்தப் பொருள்கள் நம் வயலுக்கும் வீட்டுக்கும் வராமல் காத்திருக்கவில்லை.

இன்றைய காடு, இன்றைய தண்ணீர்

போயிலை நின்ற பல காடுகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. கோழித்தீவனத்துக்குப் போகும் சரக்கு. விதைத்த இரண்டு மூன்று நாளில் களைமருந்து அடித்துவிடுகிறார்கள். அதில் முக்கியமானது அட்ரசின். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே வேண்டாம் என்று முடிவெடுத்த மருந்து. அமெரிக்காவில் டைரோன் ஹேய்ஸ் 2002-இல், மிகச் சொற்ப அளவு அட்ரசின் பட்ட ஆண் தவளைகளின் விதைப்பைக்குள் கருமுட்டை உண்டாவதைக் கண்டார். தயாரித்த கம்பெனி மறுத்தது, வாதம் இன்றுவரை ஓயவில்லை. நிகோடின் தடுக்கும் அதே அரோமட்டேஸ் நொதியை அட்ரசின் தூண்டிவிடுவதை மனிதச் செல்களில் செய்த ஆய்வு காட்டியது. எலிகளின் மூளையில் டோபமைனையும் அது குறைத்திருக்கிறது. நமது குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அட்ரசின் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் பூச்சிமருந்து, களைமருந்து எதற்கும் பொது வரம்பு 0.1 மைக்ரோகிராம்.

கிணறு உப்பானதும் ஊர் கேன் தண்ணீருக்கு மாறியது. நீலக் கேன்களில் பல பாலிகார்பனேட். சரக்கு வண்டியில் உச்சி வெயிலில் அடுக்கி நிற்பதைத் திண்டுக்கல்லில் பேகம்பூரிலிருந்து நாகல்நகர்வரை எங்கும் பார்க்கலாம். வெப்பம் ஏறினால் பிஸ்பீனால் கசிவதும் ஏறும். குழந்தைப் பால்புட்டியில் இந்த பிளாஸ்டிக் கூடாது என்று 2015-இல் இந்தியத் தர நிர்ணயம் சொன்னது. அதே குழந்தை தவழத் தொடங்கியதும் கேன் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. ஹார்மோன் குழப்பிகளுக்கும் சீக்கிரம் வயசுக்கு வருவதற்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. தோழிகளுக்கு முன்னால் வயசுக்கு வந்த சிறுமிகள் புகையையும் மதுவையும் இளவயதிலேயே தொடுவதும் வேறு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உடம்பு ஓடிவிடுகிறது, மனம் பின்னால் வருகிறது.

அந்தச் சிறுமி வேலைக்குப் போகும் வயதில் இன்னொன்றும் உடம்புக்குள் போகிறது. வேடசந்தூர்ச் சாலையில் காலை ஆறு மணிக்கு நூல் மில் பஸ்கள் வரிசையாகப் போகும். என் சித்தி மகள் பதினெட்டு வயதில் அதில் ஏறினாள். மாதவிலக்கு வலி வந்தால் மேற்பார்வையாளர் அம்மா ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து மிஷினுக்கு அனுப்புவார். பேர் இல்லை, உறை இல்லை. "கேட்டா லீவு போட்டுட்டுப் போம்பாங்க அண்ணே" என்றாள். அவள் கதை தனிக்கதை இல்லை என்பது 2019-இல் தெரிந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி, அவர்கள் அனைவருக்கும் பேர் எழுதாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதையும், பாதிப்பேருக்கு மேல் உடல்நலம் கெட்டதையும் வெளிக்கொணர்ந்தது. போயிலை கிள்ளியவளுக்குத் தோல் வழியாகத் தெரியாமல் ஏறியது, நூல் ஓட்டுபவளுக்கு உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. இரண்டு காலத்திலும் அவள் உடம்புக்குள் என்ன போகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கேட்கப்படாத கேள்வி

2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை மதுவிற்பனையைக் கையிலெடுத்தபின் ஆண்களின் குடி ஊர்ப்பேச்சாகிவிட்டது. பெண்களின் பழக்கம் முந்தானைக்குள்ளேயே இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. ஆனால் புகையிலைக்கு வந்தால் இந்தப் படம் மாறுகிறது. 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 2 விழுக்காட்டினரே புகைபிடிக்கிறார்கள், மெல்லுபவர்களோ 12.8 விழுக்காடு. புகை இல்லாததால் கண்ணில் படாத போதை இது.

அப்பத்தாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் தழும்பு வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சீட்டில் "பழக்கங்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது. இளம் டாக்டர் சித்தப்பாவிடம் "சிகரெட், தண்ணி உண்டா?" என்று கேட்டு, அவர் இல்லையென்று தலையாட்டியதும், அப்பத்தாவின் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்தவள் வாயில் அப்போதும் போயிலை இருந்தது. அறுபது வருடப் பழக்கம் ஒரு சொல்லில் இல்லாமல் போனது. பெண்ணிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்த நல்ல மனிதர்தான் அவர். அந்த மரியாதைக்கு விலை கொடுத்தது அப்பத்தாவின் கன்னம்.

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. போதை மீட்பில் பெண்களுக்குத் தனி நேரமும் தனி ஆலோசனையும் அங்கிருந்து தொடங்கலாம். மாதவிடாய், பேறுகாலம், கருத்தடை மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு மருந்தின் அளவைத் தீர்மானிக்கலாம். தோல் ஷாப்புப் பக்கத்துக் கிணற்றிலும் மக்காச்சோளக் காட்டுக் கிணற்றிலும் உப்போடு குரோமியத்தோடு நிறுத்தாமல், அட்ரசினையும் நோனைல்பீனாலையும் சேர்த்துச் சோதிக்கலாம். வீட்டளவில் செய்யக்கூடியதும் உண்டு: கேனில் வந்த தண்ணீரை மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றி வைப்பது, சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்காமல் தூக்குவாளி எடுத்துப் போவது, போயிலைக் காட்டில் பனி காய்ந்தபின் கையுறையோடு இறங்குவது. புகையிலையை விட நினைப்பவர் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். மதுவுக்கும் மற்ற போதைக்கும் 14446 இருக்கிறது.

போன மாசிமாதம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் ஒருவர் எங்கள் தெருவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். சித்தியின் கையில் பட்டையைச் சுற்றி அளவெடுத்து எழுதியபின், எழுந்துபோகாமல் பாயில் நெருங்கி உட்கார்ந்தார். "அக்கா, வாயில போயிலை போடுவீங்களா? எத்தனை வருசமா? கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டா, புள்ளை பெத்த பிறகா?" என்று கேட்டார். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். கடைக்குட்டி பிறந்த வருசம், அதற்கு முந்தின குறைப்பிரசவம், அதற்கும் முன்னால் சிம்பு ஒடிக்கப் போன முதல் தை. ஒரு கை விரல்கள் தீர்ந்து மறு கைக்குப் போனபோதும், அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.